முழங்கால் ஊன்றிய தளபதி

சங்கத்தில் அவளுக்கு வைத்த பெயர் பல்லக்கா. பல் எடுப்பாக இருந்ததால் அல்ல, அவள் பல் செய்கிறவள் என்பதால். டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சுகளைப் பார்த்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாகச் செதுக்கி, பல் செட்டும் கேப்பும் செய்து தரும் கூடம் ஒன்றில் பத்தொன்பது வயதில் வேலைக்குச் சேர்ந்தாள். இப்போது ஐம்பத்தொன்று. யாராவது அவளைப் பார்த்துச் சிரித்தால், பதிலுக்குச் சிரிக்கும் முன் அவர்களுடைய மேல் வரிசையை ஒரு பார்வை பார்த்துவிடுவாள். உங்க அக்கா நம்ம மூஞ்சியோட பேசுறதே இல்லப்பா, கடைவாய்ப் பல்லோடதான் பேசுறாங்க என்று தம்பியின் கூட்டாளிகள் சொல்லிச் சிரிப்பார்கள்.

சங்கம் என்றால் பெரிய சங்கம் ஒன்றுமில்லை. சனிக்கிழமைதோறும் நூலகத்து மாடி அறையில் கூடி, நீள மேசையில் அட்டைக் குன்றும் அட்டைச் சுவரும் வைத்து, கட்டைவிரல் உயரப் படைவீரர்களை நிறுத்தி, டேப்பால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போடும் பெரியவர்கள். வயதில் மட்டும் பெரியவர்கள் என்பது அவள் கணவரின் கருத்து. அவர் எலக்ட்ரீஷியன். மின்சாரம் பாயாத எதையும் அவர் வேலை என்று ஒத்துக்கொள்வதில்லை.

அவளை இதில் இழுத்துவிட்டது தம்பிதான். முழங்கையோடு ஈட்டி ஒடிந்துபோன ஒரு குதிரைவீரனைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்து, இதுக்கு ஏதாச்சும் பண்ண முடியுமாக்கா என்று கேட்டான். அரிசியில் பாதிகூட இல்லாத கை. அவளுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. கடைவாய்ப் பல்லின் பள்ளங்களை விடவா ஒரு முழங்கை சிக்கலானது? கூடத்தில் தேய்ந்துபோய்த் தள்ளிவிட்ட கருவிகள் வீட்டில் கிடந்தன. எபாக்சி மாவு மட்டும் தம்பி வாங்கி வந்தான். நீலத் துண்டும் மஞ்சள் துண்டுமாக வரும். இரண்டையும் சேர்த்துப் பிசைந்தால் பச்சையாகும். பிசைந்த உடனே கை வைத்தால் ஒட்டிக்கொண்டு மானத்தை வாங்கும். ஒரு மணி நேரம் பொறுத்தால் சொன்ன பேச்சு கேட்கும். அப்போது மடிப்பு, நரம்பு, நகம் என்று என்ன வேண்டுமானாலும் இழுத்துக்கொள்ளலாம். அதற்குமேல் இறுகத் தொடங்கிவிடும். கல்லாவதற்கு மறுநாள் காலை ஆகிவிடும்.

குதிரைவீரன் புதுக் கையோடு திரும்பிப் போனான். அடுத்த சனிக்கிழமை தம்பி ஒரு ஷூ டப்பா நிறைய முடவர்களைக் கொண்டுவந்தான். அதிலிருந்து ஆறு வருஷம். தலை மாற்றுவது, கேடயத்தில் சின்னம் செதுக்குவது, தாடி வைப்பது, தாடி எடுப்பது. நானூறு வீரர்களாவது அவள் கை பட்டுப் போயிருப்பார்கள்.

பயந்த சுபாவம். அடுப்பை அணைத்தோமா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வருகிற ஜாதி. பொம்மை விஷயத்திலும் அப்படியே. ஒருமுறை அவசரத்தில் ஒரு வில்லாளிக்கு இரண்டு கையையும் இடது கையாகச் செய்து கொடுத்துவிட்டாள். தெரிந்ததும் திருப்பிக் கேட்டு ஆள் அனுப்பினாள். பொம்மையின் சொந்தக்காரர் தர மறுத்துவிட்டார். சங்கமே அவனுக்குப் பேர் வைத்துவிட்டது, இனி அவனைத் தொடக்கூடாது என்றார். அன்றிலிருந்து கட்டைவிரல் எந்தப் பக்கம் என்று தன் கையைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துத்தான் செய்வாள். கணவர் அந்தப் பக்கம் போனால், யாருக்கும்மா டாட்டா காட்டுற என்பார்.

தம்பி அவளுக்கு எட்டு வயது இளையவன். அச்சகத்தில் இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒருநாள் மேலாளர் ஏதோ சொன்னார் என்று, என்ன ஏது என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்காமல், சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். மனைவி பிரிந்து போனபோதும் அதே கதைதான். ஏன் போகிறாய் என்று கேட்டானா என்று அக்கா கேட்டதற்கு, போறவங்ககிட்ட என்ன கேக்கறது என்றான். ஒன்றரை வருஷமாக அக்கா வீட்டுப் பின்னறையில் இருக்கிறான். நல்ல சுவர்ப் பூச்சு மாதிரி, இருப்பதே தெரியாது. சனிக்கிழமை மட்டும் முகம் மழித்துக்கொள்வான். அவனுக்கு வாரத்தில் ஒருநாள்தான் உயிர் இருக்கிறது என்று அவள் கணவரிடம் சொல்லி அழுததுண்டு.

அப்படிப்பட்டவன், நான்கு சங்கங்கள் சேர்ந்து நடத்தும் போட்டிக்கு, யாரும் தூண்டாமல், தானாகப் பேர் கொடுத்துவிட்டு வந்து நின்றான். அவளுக்குக் கால் தரையில் படவில்லை. அடுத்த நிமிஷமே, அங்கே போய் எதிலாவது அடிபட்டுத் திரும்பினால் சனிக்கிழமையும் போய்விடுமே என்று கவலைப்படத் தொடங்கினாள்.

படைக்கு ஒரு தளபதி வேண்டும் என்று கேட்டான். கடையில் டப்பாவில் வரும் தளபதி, காலை அகட்டி, வாளைத் தூக்கி, வாயைப் பிளந்துகொண்டு நின்றான். "இவன் தளபதியா, டாக்ஸி கூப்பிடுறவனா?" என்றாள். மெல்லிய ரம்பத்தால் அவனை இடுப்பிலும் முழங்காலிலும் அறுத்தாள். பித்தளைக் கம்பியால் புது எலும்பு கொடுத்தாள். ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றி, வலது உள்ளங்கையை விரித்துத் தரையில் வைத்து, எதிரிக் குதிரைகள் போன தடத்தைப் பார்க்கிற மனிதனாக ஆக்கினாள். மூன்று வாரம் ஆயிற்று. மடக்கிய காலில் துணி இழுபட்டு நிற்கும் மடிப்பை மட்டும் நான்கு தடவை வழித்துப்போட்டுத் திரும்பச் செய்தாள். எங்கே கழன்றுவிடுமோ என்று முழங்கால், பாதம், உள்ளங்கை என மூன்று இடத்தில் கம்பி இறக்கி அடித்தட்டில் பூட்டினாள்.

கணவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "சண்டை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே மண்டி போட்டுட்டான். மச்சான் படை உருப்பட்ட மாதிரிதான்."

தம்பி விளக்கருகில் கொண்டுபோய் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இவன் அவசரப்பட மாட்டான்க்கா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அவளுக்கு அது போதும்.

போட்டி ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக் கூடத்தில். ரப்பர் தரையும் பழைய வியர்வையும் கலந்த வாசனை. இருபது மேசைகள். அவள் கருவிப்பெட்டியோடும், கணவர் டீ பிளாஸ்க்கோடும் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஆறு வருஷத்தில் அவள் ஒரு ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. காலையில் முதல் ஆட்டத்தைத் தம்பி ஜெயித்தான். திரும்பி அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினான். காது வரைக்கும் சிவந்திருந்தது.

இரண்டாவது ஆட்டத்தில் எதிரே வந்தவர் பூட்டு ரிப்பேர் செய்பவர். நான்கு சங்கத்திலும் அவருக்குச் சட்டப்புத்தகம் என்று பேர். விதிப்புத்தகத்தில் கலர் கலராகச் சீட்டு ஒட்டி, குழந்தையை அணைப்பதுபோல் அணைத்துக்கொண்டு வந்தார். மூன்று முறை பகடை உருண்டிருக்கும். அவர் தன் வில்லாளிகளுக்குப் பின்னால் போய், மேசை விளிம்பில் தாடையை வைத்து, ஒற்றைக் கண்ணால் எதிர்ப்பக்கத்துச் சுவரைப் பார்த்தார்.

"சார், உங்க தளபதி எனக்குத் தெரியல."

"சுவருக்குப் பின்னாடிதான் இருக்கான்" என்றான் தம்பி.

"அதான் சார். எழுந்து நின்னா தலை தெரியும். உக்காந்திருக்கிறதால தெரியல."

அந்த விளையாட்டில், வீரனின் கண்மட்டத்திலிருந்து பார்த்து எதிராளி தெரிந்தால்தான் அம்பு விடலாம். தெரியாதவனை ஒன்றும் செய்ய முடியாது. அதனால் வேண்டுமென்றே குள்ளமாகவோ குனிந்தோ செய்த உருவத்தை மேசையில் வைப்பது, சீட்டாட்டத்தில் சட்டைக் கைக்குள் சீட்டு வைப்பதற்குச் சமம். விளையாடுகிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தம்பிக்கும் தெரிந்திருக்க வேண்டும். அக்கா செய்தது என்ற சந்தோஷத்தில் அவன் கண்ணில் அது படவே இல்லை. அவளுக்கோ தெரிய வழியே இல்லை. நானூறு பேருக்குக் கை வைத்தவள், அவர்கள் எப்படிச் சண்டை போடுவார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

நடுவர் வந்தார். ஓய்வுபெற்ற தபால்காரர், எதையும் இரண்டு தடவை படிக்கிறவர். அக்கம்பக்கத்து மேசைக்காரர்கள் பகடையை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்கள். ஏமாற்று என்ற வார்த்தை யார் வாயிலிருந்தோ வந்து கூடத்தில் ஒரு சுற்றுச் சுற்றியது. தம்பி யாரையும் பார்க்கவில்லை. பெட்டியைத் திறந்து வீரர்களை ஒவ்வொருவராக எடுத்துப் பஞ்சுக்குள் படுக்க வைக்கத் தொடங்கினான்.

அந்தக் கையசைவை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். அச்சகத்திலிருந்து வந்த அன்று சட்டையை ஆணியில் மாட்டியது இப்படித்தான். எழுந்து போனதே அவளுக்குத் தெரியாது, மேசையருகில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஐயா, இதை நான்தான் செஞ்சேன். அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

"செஞ்சது யாருன்னு நான் கேக்கலம்மா" என்றார் நடுவர். "மேசையில வெச்சது யாருங்கிறதுதான் கேள்வி."

"நான் குடுத்ததாலதான வெச்சான்? எனக்கு உங்க ஆட்டம் தெரியாதுங்க. நின்னுக்கிட்டுக் கத்துறதவிட இது நல்லாருக்கேன்னு பண்ணிட்டேன்."

"நல்லாத்தான் இருக்கு. அதுதான் சிக்கலே" என்றார் அவர்.

தளபதியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தீர்ப்பைச் சொன்னார். மதிய இடைவேளை ஒரு மணி நேரம். அதற்குள் உருவத்தை விதிப்படி ஆக்கினால் ஆட்டம் விட்ட இடத்திலிருந்து தொடரும். இல்லையென்றால் தளபதி இல்லாத படை, படையாகாது, விலக்கப்படும். விலக்கிய காரணத்தைத் தாளில் எழுத வேண்டும். அந்தத் தாளை நான்கு சங்கத்துப் பலகையிலும் ஒட்டுவது வழக்கம்.

தம்பி போட்டியில் தோற்றால் தோற்றுவிட்டுப் போகிறான். ஆனால் மாடி அறையில், அவன் வாரத்தில் ஒருநாள் மனிதனாக இருக்கிற அந்த ஒரே அறையில், அவன் பேர் ஏமாற்றுக்காரன் என்று தொங்கினால் அவன் இனி அந்தப் படியேற மாட்டான். பின்னறைக் கதவு சாத்திக்கொள்ளும். அவளுக்கு அது கண்ணெதிரே தெரிந்தது.

கூடம் காலியானது. அவள் மூலையிலிருந்த மேசையில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு தளபதியையே பார்த்தாள். முழங்காலில் அறுத்து நிமிர்த்தலாம். நிமிர்த்தினால் வெறும் கம்பிக் கால் கொக்குபோல் நிற்கும். அதற்குச் சதை வைக்க எபாக்சி வேண்டும். எபாக்சி இறுக நாளைக் காலை வேண்டும். சீக்கிரம் இறுகும் மாவு அவள் வேலை பார்க்கும் பல் கூடத்தில் இருக்கிறது. அது சனிக்கிழமை பூட்டு. ஒவ்வொரு வழியாக யோசித்து ஒவ்வொன்றாக முட்டிக்கொண்டு நின்றாள். தம்பி மூடிய பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகலாம்க்கா என்று மட்டும் இரண்டு தடவை சொன்னான்.

அப்போது ரொட்டியைக் கடித்துக்கொண்டே சட்டப்புத்தகம் வந்து நின்றார். இன்னும் என்ன சொல்லப் போகிறாரோ என்று அவள் தளபதியைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"நீங்களா இதைச் செஞ்சது?"

"ஆமாங்க."

"நாப்பத்தொண்ணாம் பக்கம் படிச்சீங்களா?"

அவள் ஒரு பக்கமும் படித்ததில்லை என்றாள். அவர் ரொட்டியைக் கணவர் கையில் கொடுத்துவிட்டு, புத்தகத்தைப் பிரித்து, ஊதா சீட்டு ஒட்டிய இடத்தில் விரலை வைத்து வாசித்தார். மாற்றிய உருவத்தின் உச்சி, கடையில் வரும் உருவத்தின் உச்சி மட்டத்தில் இருக்க வேண்டும். தாழவும் கூடாது, உயரவும் கூடாது.

"எவ்வளவு உயரத்துல இருக்கணும்னுதான் சொல்லியிருக்கு. எப்படி நிக்கணும்னு எங்கயும் சொல்லல. உக்காந்தே இருக்கட்டும். அடியில ஒரு பாறையை வையுங்க."

தம்பி தலை நிமிர்ந்தான். "இதை அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றார் அவர். "நான் பொம்மையைத்தான் சார் குறை சொன்னேன். நீங்க கேக்கவே இல்லையே, பெட்டியக் கட்ட ஆரம்பிச்சுட்டீங்க."

தம்பியின் முகம் மாறியது. கன்னத்தில் யாரோ தட்டி எழுப்பியதுபோல் இருந்தது.

அதன்பிறகு எல்லாம் ஓட்டம். டாக்ஸி கூப்பிடுகிற தளபதி சட்டப்புத்தகத்திடமே ஒருவன் இருந்தான், அளவுக்கு அவனைக் கொண்டுவந்து நிறுத்தினார். பாறைக்கு என்ன செய்வது என்று அவள் கையைப் பிசைந்தபோது, கணவர் வெளியே போய் மைதானத்து மரத்தடியில் உதிர்ந்து கிடந்த பட்டைகளை இரண்டு கை நிறைய அள்ளி வந்தார். அடுக்கடுக்காக வெடித்த பட்டை. சின்ன அளவில் பார்த்தால் அச்சு அசல் பாறை. கணவர் அதோடு நில்லாமல், மின்சாரம் இல்லாமலே ஒரு வேலை செஞ்சுட்டேன் என்று சொல்லிக்கொண்டார்.

கஷ்டம் தளபதியைத் தட்டிலிருந்து பிரிப்பதில் இருந்தது. கழன்றுவிடக் கூடாதென்று மூன்று இடத்தில் பூட்டியது அவளேதான். அவளுடைய பயமே இப்போது அவளுக்கு எதிரியாகி நின்றது. தட்டை யாராவது அசையாமல் பிடிக்க வேண்டும். கணவர் கை நீட்டினார். அவள் தம்பியைப் பார்த்தாள்.

"நீ பிடிடா."

பிடித்தான். இயந்திரத்தில் தாளை விலகாமல் ஓட்டிய கை. அவள் முழங்காலுக்கடியில் ரம்பத்தை நுழைத்து நூல் நூலாக அறுத்தாள். முழங்கால் வந்தது. பாதம் வந்தது. உள்ளங்கையில் கம்பி அறுபடும் கடைசி இழுப்பில், டிக் என்று ஒரு சத்தம். சுண்டுவிரல் தெறித்து எங்கோ போய்விட்டது.

"விரல் போச்சு" என்றாள்.

"போர்ல போயிருக்கும்க்கா" என்றான் தம்பி.

அவள் ஒரு கணம் அவனையே பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். கடைசியாக அவன் எப்போது வேடிக்கையாகப் பேசினான் என்று அவளால் நினைவுகூர முடியவில்லை. மூச்சு நேராக வந்தது.

பட்டையை வெட்டி, மிச்சக் கம்பி நுழைய மூன்று துளை போட்டு, தளபதியை அதன்மேல் உட்கார்த்தி, உடனே பிடிக்கும் பசை வைத்தாள். டாக்ஸிக்காரனைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால், தளபதி ஒரு மயிரிழை அதிக உயரம். மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. சட்டப்புத்தகம்கூடச் சரியாகத்தான் இருக்கிறது என்றார். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. புதுப் பல் அரை நூல் உயரமாக இருந்தாலும் மனிதன் சாப்பிட முடியாமல் திரும்பி வருவான்; முப்பத்திரண்டு வருஷமாக அந்த அரை நூலைத் தேய்த்துச் சம்பளம் வாங்குகிறவள் அவள். பட்டையின் அடியை இரண்டு தடவை அரத்தில் இழுத்தாள். திரும்ப நிறுத்தினாள். ஓரத்தில் மணலை ஒட்டி, பழுப்பும் சாம்பலுமாகப் பூசியபோது இடைவேளையில் ஏழு நிமிஷம் பாக்கி.

நடுவர் இரண்டு தலைக்கவசத்தின் மேலும் ஒரு ஸ்கேலைப் படுக்க வைத்து, குனிந்து பார்த்தார். மறுபக்கம் போய் மறுபடி பார்த்தார். அவள் கணவரின் சட்டைக் கையைப் பிடித்திருந்ததை அப்புறம்தான் உணர்ந்தாள்.

"சரியா இருக்கு" என்றார் நடுவர். "நடத்துங்க."

தாளில் என்ன எழுதப் போகிறீர்கள் என்று அவள் கேட்டாள். கேட்காமல் போனால் அவளுக்குத் தூக்கம் வராது. அவர் தாளைத் திருப்பிக் காட்டினார். ஒன்றும் எழுதியிருக்கவில்லை. விதிப்படி இருக்கிறது, இதில் எழுத என்ன இருக்கிறது என்று அவர் திருப்பிக் கேட்டார். உயிர் போய் உயிர் வந்ததுபோல் இருந்தது. பெஞ்சில் போய் உட்கார்ந்தவள், ஆறிப்போன டீயை ஊற்றி மூன்று கப் குடித்தாள்.

தம்பி வீரர்களைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பழைய இடங்களில் நிறுத்த, ஆட்டம் தொடர்ந்தது. இப்போது தளபதியின் தலை சுவருக்கு மேல் நன்றாகத் தெரிந்தது. நன்றாகத் தெரிந்ததால், இரண்டாவது சுற்றிலேயே வில்லாளிகளின் அம்பு பட்டு விழுந்தான். மூன்று வாரத்து வேலையைத் தம்பி ஒரு விரலால் மேசையில் சாய்த்து வைத்தான். பெட்டியின் பக்கம் கை போகவில்லை. மிச்சமிருந்த படையை வைத்துக் கடைசி வரைக்கும் ஆடினான். தோற்றான்.

மற்ற மேசைகள் காலியாயின. ஒருவர் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார். கணவர் வண்டிச் சாவியை விரலில் சுழற்றினார். கிளம்பலாம் என்று அவள் தம்பியைக் கூப்பிடப் போனபோது, அவன் மேசை விளிம்பில் தாடையை வைத்து ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்ல சார்" என்றான், எழாமலே. "அந்த மூணாவது வில்லாளிக்கு என் தளபதி தெரிய வாய்ப்பே இல்ல. நடுவுல குன்று இருக்கு. நீங்க வந்து பாருங்க."

"நான் பாத்துட்டுத்தான் விட்டேன்" என்றார் சட்டப்புத்தகம்.

"எனக்குச் சரியாப் படல. எந்தப் பக்கத்துல இருக்கு, காட்டுங்க."

சட்டப்புத்தகம் மலர்ந்த முகத்தோடு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு புத்தகத்தைப் பிரித்தார். இருவரும் தலையோடு தலை முட்டக் குனிந்தார்கள். குன்று மேடா தடையா என்று குரல் உயர்ந்தது. தம்பியின் குரல்தான் அதிகம் உயர்ந்தது.

"கூப்பிடும்மா, நேரமாகுது" என்றார் கணவர்.

"இருங்க" என்று சொல்லிவிட்டு அவள் கருவிப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தாள். "அவன் சண்டை போட்டு முடிக்கட்டும்."